ஓட்டத்தில் கிடைக்கும் விடுதலை எதனால் ஆனது?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கு வேர்க்க விறுவிறுக்க ஓடுகிறவர்களைப் பார்த்து, "இவர்களை யார் துரத்துகிறார்கள்?" என்று கேட்காத வெளியூர்க்காரர் குறைவு. கேலியாகக் கேட்கப்பட்டாலும் அது நியாயமான கேள்விதான். ஒருபுறம், பணம் கட்டிப் பெயர் பதிந்து, நெஞ்சில் எண் அட்டையைக் குத்திக்கொண்டு பத்து கிலோமீட்டரும் இருபத்தொரு கிலோமீட்டரும் ஓடுவது சாதாரணக் குடும்பங்களிலும் பழக்கமாகிவிட்டது. மறுபுறம், ஓட்டப் போட்டியில் ஒருவர் மயங்கி விழுந்து உயிரிழந்தார் என்ற செய்தி அவ்வப்போது நாளிதழில் வந்துகொண்டிருக்கிறது. இரண்டையும் ஒருசேரப் படிக்கும் வாசகருக்கு, இத்தனை சிரமப்பட்டு எதற்காக ஓடுகிறார்கள் என்ற குழப்பம் எழுவது இயல்பு.

ஓடுகிறவர்களையே கேட்டால் முதலில் சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை என்பார்கள். சற்று நேரம் பேசவிட்டால், "மனசு லேசாகிவிடுகிறது", "அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கே எனக்கு" என்ற இடத்துக்கு வந்து நிற்பார்கள். மருத்துவரின் அறிவுரை ஒருவரை ஓட்டத்துக்குள் கொண்டுவரக்கூடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் அவரை அங்கேயே வைத்திருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது காரணம்தான். அந்த உணர்வைத்தான் ஓடுகிறவர்கள் விடுதலை என்கிறார்கள். அதில் மூன்று தனித்தனிச் செய்திகள் கலந்திருப்பதால் முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வது நல்லது.

1. உடலில் நிகழும் மாற்றம்: ஓடும்போதும் ஓடி முடித்த பின்னும் பதற்றம் தணிந்து, கவலைகளின் பிடி தளர்ந்திருக்கும் நிலை.

2. தன்விருப்பம்: யாரும் ஏவாமல், தானே தேர்ந்துகொண்ட ஒன்றைத் தன் வேகத்தில் செய்கிறோம் என்ற உணர்வு.

3. பொதுவெளியின் மீதான உரிமை: தெருவில், வேண்டிய நேரத்தில், அச்சமின்றி, யாருக்கும் காரணம் சொல்லாமல் உடலை இயக்க முடிவது.

முதலாவதைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. மற்ற இரண்டும் இல்லாவிட்டால் அது மட்டும் தனித்து நிற்பதில்லை என்பதுதான் இங்கே விளக்கப்படவிருப்பது.

ஓடுவதற்கென்றே அமைந்த உடல்

வேகத்தில் மனிதன் தோற்றுப்போனவன். குறுகிய தொலைவில் நம்மில் பெரும்பாலோரைத் தெருநாயே முந்திவிடும். நெடுந்தொலைவில் கணக்கு மாறுகிறது. டென்னிஸ் பிராம்பிள், டேனியல் லீபர்மேன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 2004-இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில், நீண்ட நேரம் ஓடுவதற்கு உதவும் உறுப்பமைப்புகள் மனித இனத்தில் திரண்டிருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார்கள். குதிகாலிலிருந்து கெண்டைக்காலுக்கு ஏறும் நீண்ட தசைநாண் ஒவ்வோர் அடியிலும் நீண்டு சுருங்கி ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறது. ஓடும்போது தலை முன்னும் பின்னும் ஆடாமல் பிடரியில் ஒரு தசைநார் பிடித்துவைக்கிறது. சிம்பன்சிக்கு அது கிடையாது. நடக்கும்போது அதிகம் வேலை செய்யாத பிட்டத்துப் பெருந்தசை, ஓடத் தொடங்கியதும் உடல் முன்னே கவிழ்ந்துவிடாமல் தாங்குகிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி வியர்வை. மனித உடலில் இருபது முதல் நாற்பது லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. உடலை மூடும் அடர்ந்த ரோமமும் இல்லை. மானோ பாய்ந்து ஓடும்போது மூச்சிரைத்து உடலைக் குளிர்விக்க இயலாமல் விரைவில் சூடேறிப்போகும். அதை நண்பகல் வெயிலில் விடாமல் பின்தொடர்ந்து ஓடி, அது துவண்டு விழும்போது பிடிப்பது ஆதி மனிதரின் வேட்டை முறைகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்பது இந்தக் கருத்தின் அடுத்த படி. இதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ஆயினும், உலகின் பல பகுதிகளில் இப்படி விரட்டி ஓடி வேட்டையாடியதற்கான ஏறத்தாழ 400 பழைய எழுத்துப் பதிவுகளை 2024-இல் வெளியான ஓர் ஆய்வு திரட்டிக் காட்டிய பிறகு, அந்தக் கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

நம் கடற்கரைக்கு இதில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. வியர்வை உடலைக் குளிர்விப்பது அது சுரப்பதால் நிகழ்வதன்று. அது ஆவியானால்தான் நிகழும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டுப் போகும். புதுச்சேரியிலும் கடலூரிலும் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், வியர்வை ஆவியாகாமல் முழங்கை வழியாகச் சொட்டித் தரையில் விழுகிறது. அப்படிச் சொட்டிய வியர்வை வீணாய்ப்போன நீர், அவ்வளவுதான். விடியலில் காற்று உலர்ந்திருப்பதால்தான் அப்போது ஓடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நாளின் மற்ற நேரங்களைவிட விடியலில்தான் ஒப்பு ஈரப்பதம் மிகுதி. வெப்பநிலை தாழ்ந்திருப்பதும் வெயில் முதுகில் விழாதிருப்பதுமே அந்த நேரத்தின் அனுகூலம். பெங்களூரின் குளிர்ந்த காற்றில் பழகியவர்கள், பிப்ரவரி மாத ஆரோவில் மாரத்தானுக்கு வந்து, பாதித் தொலைவிலேயே தங்கள் வழக்கமான வேகம் கைகூடாமல் திகைப்பதற்கும் வியர்வையை ஆவியாகவிடாத இந்த ஈரக்காற்றே காரணம். வேகம் குறைந்தது என்று நொந்துகொள்ள அதில் ஒன்றுமில்லை. இந்தக் கரையில் ஓடுகிறவர் கடிகாரத்தை நம்புவதைவிட மூச்சை நம்புவது உத்தமம்.

எண்டார்பின் கதை பாதிதான் உண்மை

ஓட்டக்காரர்களுக்கு ஒருவகை இனிய மயக்கம் வரும், அதற்கு 'எண்டார்பின்' என்ற வேதிப்பொருள் காரணம் என்று உடற்பயிற்சி பற்றிய எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் எழுதியிருக்கும். மூளையே சுரக்கும் அபின் போன்ற பொருட்கள் 1970-களின் நடுவில் கண்டறியப்பட்டன. ஓட்டப் பழக்கம் அமெரிக்காவில் அலையாகப் பரவியதும் அதே பத்தாண்டில்தான். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பது எளிதாக இருந்தது. ஓடியவர்களின் ரத்தத்தில் எண்டார்பின் கூடியிருப்பது அளந்தும் காட்டப்பட்டது. சிக்கல் என்னவென்றால், ரத்தத்தில் ஓடும் எண்டார்பின் பெரிய மூலக்கூறு. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது எளிதில் தாண்டாது. எனவே ரத்தத்தை அளந்து மனநிலையை விளக்குவது நிற்காத வாதம்.

2008-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் பத்து ஓட்டக்காரர்களை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, அவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, மூளைக்குள்ளேயே அபின் வகைப் பொருட்கள் வெளிப்படுவதற்கான அடையாளம் தெரிந்தது. பழைய கருத்துக்கு உயிர் வந்தது போலிருந்தது. ஆனால் அதற்குப் பின் வந்த சோதனைகள் வேறு திசையைக் காட்டின. உடலே உற்பத்தி செய்யும் கஞ்சா வகைப் பொருட்கள் சில உள்ளன. அவற்றில் 'ஆனந்தமைடு' என்பது 1992-இல் கண்டறியப்பட்டது. இவை கொழுப்பில் கரைபவை என்பதால் மூளைத் தடுப்பைச் சுலபமாகக் கடக்கின்றன. 2015-இல் எலிகளில் நடந்த சோதனையில், இந்தப் பொருட்கள் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளை அடைத்ததும் ஓட்டத்தால் வரும் பதற்றத் தணிவு மறைந்துபோனது. 2021-இல் 63 பேரைக் கொண்டு நடந்த மனிதச் சோதனையில், அபின் ஏற்பிகளை மருந்து கொடுத்து அடைத்த பிறகு 45 நிமிடம் ஓடவிட்டார்கள். அப்போதும் அவர்களுக்கு உற்சாகம் குறையவில்லை. ஆகவே முதன்மையான வேலையைச் செய்வது எண்டார்பின் என்று இனியும் அடித்துச் சொல்ல முடியாது.

இதையொட்டிய இன்னொரு சோதனை சுவையானது. டேவிட் ராய்க்லன் என்பவரின் குழு மனிதர்கள், நாய்கள், கீரியைப் போன்ற உடலமைப்புள்ள ஃபெரட் என்ற விலங்குகள் ஆகிய மூன்றையும் ஓடவிட்டு 2012-இல் ஒப்பிட்டது. நெடுந்தூரம் ஓடிப் பழகிய பரம்பரையைச் சேர்ந்த மனிதனுக்கும் நாய்க்கும் ஓட்டத்துக்குப் பின் ஆனந்தமைடு ஏறியது. வளையில் வாழ்ந்து குறுந்தூரம் மட்டுமே பாயும் ஃபெரட்டுக்கு ஏறவில்லை.

வாசகருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. இந்தப் பொருட்கள் நிதானமான வேகத்தில் ஓடும்போதே நன்றாக ஏறுகின்றன. மெதுவாக நடந்தாலும் ஏறுவதில்லை, உயிரைக் கொடுத்து ஓடினாலும் ஏறுவதில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் காந்தி சிலையருகே லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முதல் முந்நூறு மீட்டரிலேயே மூச்சு முட்டி, இடுப்பில் கைவைத்து நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஓட்டம் என்பது தண்டனையாக மட்டுமே நினைவில் நிற்கும். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம். அந்த வேகத்தில் வயதானவர்கள் தங்களைத் தாண்டிப் போனாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

மனம் லேசாவதற்கு ஆர்ன டீட்ரிச் என்ற மூளையியலாளர் 2003-இல் வேறொரு விளக்கம் முன்வைத்தார். நீண்ட நேரம் உடல் இயங்கும்போது மூளை தன் வளங்களை இயக்கத்துக்கும் புலன்களுக்கும் ஒதுக்கவேண்டியிருப்பதால், திட்டமிடுவதும் தன்னைத்தானே எடைபோடுவதுமான முன்பகுதியின் வேலை தற்காலிகமாகத் தணிகிறது என்பது அவர் கருத்து. வீட்டுக் கடன் தவணையும் அலுவலக மேலாளரின் முகமும் நான்காவது கிலோமீட்டரில் மங்கிப்போவதை அனுபவித்தவர்களுக்கு இது பொருத்தமாகத் தோன்றும். என்றாலும் இது இன்னமும் கருதுகோள் என்ற நிலையிலேயே உள்ளது.

சிறைச் சக்கரமும் புல்வெளிச் சக்கரமும்

வேதிப்பொருள்தான் விடுதலை என்றால், யார் எதற்காக ஓடினாலும் அது கிடைக்கவேண்டும். அப்படிக் கிடைப்பதில்லை என்பதற்கு வரலாறே சாட்சி.

இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் வரிசையாக நிற்கும் டிரெட்மில்லின் பெயர் சிறையிலிருந்து வந்தது. 1818-இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், கைதிகள் படிகள் பொருத்திய பெரிய உருளையின்மீது மணிக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்படியான இயந்திரத்தை வடிவமைத்தார். சில இடங்களில் அது மாவரைக்கவும் நீரிறைக்கவும் பயன்பட்டது. பல இடங்களில் ஒன்றுக்கும் பயன்படாமல் வெறுமனே சுற்றியது. காலின் அசைவு இன்றைய உடற்பயிற்சியை ஒத்ததுதான், வியர்வையும் அதேதான். பிரிட்டன் அதை 1898-இல் கொடுமை என்று கைவிட்டது.

இதற்கு நேரெதிரான காட்சியை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். கூண்டு எலிகள் சக்கரத்தில் ஓடுவது அடைபட்ட விரக்தியால் என்ற ஐயம் நெடுநாளாக இருந்துவந்தது. அதைச் சோதிக்க, திறந்த வெளியில் சக்கரங்களை வைத்துவிட்டு ஒளிப்படக் கருவியுடன் காத்திருந்தார்கள். காட்டு எலிகள் தாமாக வந்து ஏறி ஓடின. இறங்கிப் போய்விட்டுத் திரும்பி வந்தும் ஓடின. தவளைகளும் நத்தைகளும்கூட வந்து ஏறிப் பார்த்தன. நத்தை ஓடியதா என்று கேட்கக்கூடாது. அடைத்துவைக்காத உயிரும் ஓட விரும்புகிறது என்பது மட்டும் தெளிவாயிற்று.

இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, விரும்பினால் இறங்கிவிடலாம் என்பதுதான். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மனித மனத்துக்கு இன்றியமையாத தேவைகளாக மூன்றைக் குறிப்பிடுகிறார்கள்: தன் செயலைத் தானே தேர்வது, தன்னால் முடியும் என்று உணர்வது, பிறரோடு பிணைந்திருப்பது. நிதானமாகத் தொடங்கும் ஓட்டம் மூன்றையும் ஒரே மணி நேரத்தில் தருகிறது. போன மாதம் நின்ற இடத்தைத் தாண்டி இந்த மாதம் ஓட முடிகிறது. அதற்கு எந்த அதிகாரியின் கையொப்பமும் தேவைப்படவில்லை. நாள்தோறும் எதிரே வரும் முகம், பெயர் தெரியாவிட்டாலும், தலையசைக்கிறது.

கடலூர் வெள்ளிக் கடற்கரைக்கு அதிகாலையில் போனால் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். செருப்புகளை ஓரிடத்தில் குவித்துவிட்டு, ஈர மணலில் வெறுங்காலுடன் இளைஞர்கள் ஓடுகிறார்கள். ஒருவன் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நொடிகளைக் கத்திச் சொல்கிறான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்கவேண்டும். ராணுவ ஆள்சேர்ப்புக்கு 1.6 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கிறது. அவர்களைத் துரத்துவது யார் என்று கேட்கவே தேவையில்லை: வேலை. ஒரு விநாடி பிந்தினால் குடும்பத்தின் அடுத்த பத்தாண்டுத் திட்டம் கவிழ்ந்துவிடும் நிலையில் ஓடுகிறவனிடம் ஓட்டம் தரும் விடுதலையைப் பற்றிப் பேசுவது அபத்தம். ஆனாலும் அந்தக் கூட்டத்தில், வேலை கிடைத்த பிறகும் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதே மணலில் ஓட வருகிறவர்கள் உண்டு. 7 நிமிடக் கட்டாயம் நீங்கிய பிறகுதான் அவர்கள் ஓட்டத்தை முதன்முறையாகச் சந்திக்கிறார்கள் என்று சொல்லலாம்.

வசதியானவர்களுக்கு வேறுவிதக் கட்டாயம் வந்து சேர்ந்திருக்கிறது. மணிக்கட்டில் கட்டிய கருவி வேகத்தைச் சொல்கிறது, செயலி அதை நண்பர்களுக்கு அறிவிக்கிறது, நேற்றையதைவிட இன்று பிந்தியது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறது. ஏவுகிறவர் யாருமற்ற ஒரு மணி நேரத்துக்காக வந்தவர், தானே ஒரு மேலாளரைக் கையில் கட்டிக்கொண்டு ஓடுகிறார். ஆரோவில்லில் 2008 முதல் நடந்துவரும் மாரத்தான், செம்மண் பாதையில் பரிசும் பரிசுத்தொகையும் இல்லாமல் ஓடும் மகிழ்ச்சியையே முன்வைத்து நடத்தப்படுவதற்குள்ள மதிப்பு இந்தப் பின்னணியில்தான் புரியும்.

தப்பித்தல் இரண்டு வகை

ஓடுவது என்பது பிரச்சினைகளிலிருந்து தப்பித்து ஓடுவதுதானே என்ற விமர்சனம் பழையது. தப்பித்தலை முழுக்கக் குற்றமாகப் பார்ப்பதற்குப் புதுச்சேரி பொருத்தமான ஊர் அல்ல. 1908-இல் கைதாகும் அபாயத்திலிருந்து தப்பித்து பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்த ஊருக்கு வந்தார். அவருடைய பெரும் படைப்புகள் பல அடுத்த பத்தாண்டுகளில் இங்கேதான் பிறந்தன. 1918 நவம்பரில் இங்கிருந்து வெளியேறி பிரிட்டிஷ் எல்லைக்குள் காலெடுத்து வைத்ததும், கடலூர் அருகே கைதாகி, அந்த ஊர்ச் சிறையில் மூன்று வாரங்களுக்கு மேல் இருந்தார். இரு ஊர்களுக்கும் இடையிலுள்ள தொலைவு ஏறத்தாழ ஓர் அரை மாரத்தான் (21 கிலோமீட்டர்) அளவுதான். அந்தச் சிறு தொலைவு ஒரு மனிதனின் சுதந்திரத்தை முடிவுசெய்தது. அவர் விட்டு வந்தது கைவிலங்கை. கொண்டு வந்தது வேலையை.

இந்த வேறுபாட்டை நார்வே உளவியலாளர் ஃப்ரோட ஸ்டென்செங்கும் குழுவினரும் பொழுதுபோக்காக ஓடும் 227 பேரிடம் கேள்விகள் கேட்டு ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். அவர்கள் தப்பித்தலை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, நல்ல அனுபவத்தைத் தேடித் தன்னை விரித்துக்கொள்வதற்காக அன்றாடத்திலிருந்து விலகுவது. மற்றொன்று, வேண்டாத எண்ணங்களையும் தன்னைப் பற்றிய கசப்பையும் அமுக்கிவைப்பதற்காக விலகுவது. இரண்டும் ஒருவரிடமே கலந்திருப்பது குறைவு என்று தெரிந்தது. அமுக்குவதற்காக ஓடுகிறவர்களிடம் ஓட்டத்துக்கு அடிமைப்படும் போக்கு மிகுந்திருந்தது. மன நலம் குறைந்திருந்தது. கேள்வித்தாள் ஆய்வு என்பதால் எது காரணம், எது விளைவு என்று இதைக்கொண்டு அறுதியிட முடியாது. மனம் நொந்தவர்களே அமுக்குவதற்காக ஓட வருகிறார்கள் என்றும் இருக்கலாம்.

அடிமைப்படுதல் என்ற சொல் மிகையன்று. ஃபிரெடரிக் பேக்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1970-இல், உடற்பயிற்சியை ஒரு மாதம் நிறுத்தினால் தூக்கம் எப்படி மாறுகிறது என்று ஆராய முனைந்தார். வாரத்தில் ஐந்தாறு நாள் பயிற்சி செய்கிறவர்களைத் தேடினார். எவ்வளவு பணம் தருவதாகச் சொன்னாலும் அவர்கள் நிறுத்தச் சம்மதிக்கவில்லை. கடைசியில் குறைவாகப் பயிற்சி செய்கிறவர்களை வைத்தே ஆய்வை நடத்தவேண்டியதாயிற்று.

வெளியிலிருந்து பார்த்தால் இருவகை ஓட்டக்காரர்களும் ஒன்றுபோலவே தெரிவார்கள். ஓடுகிறவர் தனக்குத்தானே கேட்டுப் பார்க்கக்கூடியவை சில:

1. முழங்கால் வீங்கியிருக்கும்போதும், காய்ச்சலிலும், ஓடாமலிருக்க முடியவில்லையா?

2. ஒரு நாள் தவறினால் வருவது ஏக்கமா, குற்ற உணர்வா? ஏக்கம் இயல்பானது, குற்ற உணர்வு கவனிக்கவேண்டியது.

3. ஓடிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும், ஒத்திப்போட்ட பேச்சைப் பேசத் தெம்பு வருகிறதா, அல்லது அடுத்த ஓட்டம் எப்போது என்று மனம் கணக்கிடுகிறதா?

மூன்றாவதுதான் மற்ற இரண்டையும்விடத் துல்லியமானது என்பது என் கருத்து.

துயரத்திலிருந்து ஓடத் தொடங்குகிற எல்லோரும் அமுக்குகிறவர்கள் என்று இதை எடுத்துக்கொள்ளக்கூடாது. பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஃபவுஜா சிங், மனைவியையும் மகனையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த பிறகு ஓட்டத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார். 2000-இல் லண்டனில் தன் முதல் மாரத்தானை ஓடியபோது அவருக்கு வயது 89. 2011-இல், நூறு வயதில், டொராண்டோ மாரத்தானை எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதால் கின்னஸ் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. அவர் ஓடுவதையும் அது நிறுத்தவில்லை. துக்கம் அவரைத் தெருவுக்கு அனுப்பியது. தெருவில் அவருக்கு வேறொரு வாழ்க்கை கிடைத்தது.

நெஞ்சு நின்றுவிடும் என்ற அச்சம்

செய்திகளால் எழும் பயத்துக்கு எண்களே பதில். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை அரை மாரத்தானும் முழு மாரத்தானும் ஓடிய சுமார் 1 கோடியே 9 லட்சம் பேரில் 59 பேருக்குத் திடீரென இதயம் நின்றது. 42 பேர் இறந்தார்கள். 2010 முதல் 2023 வரையிலான அடுத்த ஆய்வில், 2 கோடியே 90 லட்சத்துக்கும் அதிகமானவர்களில் 176 பேருக்கு இதயம் நின்றது. இறந்தவர்கள் 59 பேர். நிகழ்வின் விகிதம் பெரிதாக மாறாதபோதும் இறப்பு விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததற்கு, ஓட்டப் பாதையிலேயே நெஞ்சழுத்த முதலுதவியும் மின்னதிர்ச்சிக் கருவியும் உடனடியாகக் கிடைத்ததே முக்கியக் காரணம். ஆகவே போட்டிக்குப் பதிவு செய்யும்போது டி-சர்ட்டின் தரத்தை விசாரிப்பதற்கு முன், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை அந்தக் கருவி வைக்கப்படும் என்று விசாரிக்கலாம். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் முன்பே வந்திருந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தாலோ, மருத்துவரைப் பார்த்த பிறகே ஓடத் தொடங்கவேண்டும்.

ஃபவுஜா சிங்கின் முடிவை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். 2025 ஜூலையில், 114 வயதில் அவர் இறந்தது இதயம் நின்றதால் அன்று. பஞ்சாபில் தன் ஊருக்கு அருகே சாலையில் வாகனம் மோதியதால்.

சாலை யாருடையது?

ஓட்டத்துக்கு ஒரு ஜோடி காலணி போதும், அது ஏழைக்கும் எட்டும் விளையாட்டு என்று சொல்லப்படுவதுண்டு. காலணியைவிட அரிதான ஒன்று தேவை: ஓடக்கூடிய சாலை. புதுச்சேரியின் கடற்கரைச் சாலையான கூபேர் சாலை மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வாகனங்களுக்கு மூடப்படுகிறது. இரண்டு கிலோமீட்டர்கூட நீளமில்லாத அந்தத் துண்டில்தான் நகரத்தின் பாதி ஓட்டமும் நடையும் அடங்குகின்றன. ஒரு கோடியைத் தொட்டுத் திரும்பி, மறுகோடியைத் தொட்டுத் திரும்பி, பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்குச் சலிப்பு வராமல் இல்லை. ஆனாலும் அரியாங்குப்பம், தவளக்குப்பம் வழியாகக் கடலூர் நோக்கிச் செல்லும் சாலையில் பேருந்துகளின் காற்று முகத்தில் அறைய ஓடுவதைக்காட்டிலும் அது மேல்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. நெடுந்தூரம் ஓட அவர்களுக்கு அனுமதி கிடைத்ததே அண்மையில்தான். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடிக் களைத்ததைச் சாக்காக வைத்து, அந்தப் போட்டியை 1960 வரை நீக்கிவைத்தார்கள். 1966-இல் பாபி கிப் பாஸ்டன் மாரத்தானைப் பதிவின்றி ஓடி முடித்தார். மறு ஆண்டு, பெயரின் முதலெழுத்துகளை மட்டும் கொடுத்துப் பதிவு செய்து 261-ஆம் எண்ணுடன் ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை, போட்டி நிர்வாகி ஒருவர் பாதையிலேயே பிடித்து இழுத்து வெளியேற்ற முயன்றார். பாஸ்டன் பெண்களை முறைப்படி ஏற்றது 1972-இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984-இல்.

விதிப்புத்தகத் தடை இன்று பெரும்பாலான நாடுகளில் இல்லை. நம் ஊரில் மிஞ்சியிருப்பது கடிகாரத் தடை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இந்தக் கரையில் சூரியன் ஆறரை மணியளவில்தான் எழுகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஏழு மணிக்கு அடுப்படியில் நிற்கவேண்டிய பெண்ணுக்கு, வெளிச்சத்தில் ஓடக் கிடைப்பது அரை மணி நேரம்கூட இல்லை. வீட்டிலிருந்து கடற்கரைக்குப் போய் வரும் நேரத்தைக் கழித்தால் ஒன்றுமே மிஞ்சாது. இருட்டில் கிளம்பினால், துணைக்கு ஒருத்தி வேண்டும். அல்லது தம்பியோ கணவரோ பைக்கை ஓரமாக நிறுத்திக் காத்திருக்கவேண்டும். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு, தெருவிளக்கு எரியும் இடைவெளிக்குள் மட்டும் முன்னும் பின்னும் ஓடுகிற பெண், வேதிப்பொருள் சுரக்கும் நிதான வேகத்தைப் பிடிப்பதற்குள் திரும்பவேண்டியிருக்கிறது. பின்னால் வரும் பைக்கின் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி ஓடுகிறவரின் மூளை முன்பகுதி எப்படித் தணியும்?

ஆகவே, உடல் தரும் விடுதலையும் தன்விருப்பம் தரும் விடுதலையும் மூன்றாவதான பொதுவெளி உரிமையைச் சார்ந்தே நிற்கின்றன. அது உள்ளாட்சியின் வேலை. ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரத்தானுக்காகச் சாலைகளை மூடுவதில் காட்டும் முனைப்பை, அன்றாட விடியலிலும் காட்டலாம். குளிர்கால மாதங்களில் கடற்கரைச் சாலைக்கு இட்டுச்செல்லும் குறுக்குத் தெருக்களின் விளக்குகள் அனைத்தும் நன்றாக விடியும்வரை எரியவேண்டும். கடலூரின் மஞ்சக்குப்பம் மைதானத்திலும் வெள்ளிக் கடற்கரையிலும் நான்கரை மணிக்கே கழிப்பறைகள் திறந்திருக்கவேண்டும். மாலை ஆறு மணிக்குப் பிறகு மட்டுமே நேரம் கிடைக்கும் பெண்களுக்காக, இரவு ஒன்பது வரை காவலர் சுற்றும், விளக்கெரியும், வாகனம் நுழையாத ஒரு கிலோமீட்டர் பாதை கடலூருக்குள்ளேயே ஒதுக்கப்படவேண்டும்.